மனச்சோர்வு மாத்திரை: தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை ஆரம்பிக்கும்போது யாரும் பத்து வருஷக் கணக்குப் போடுவதில்லை. "ஆறு மாசம் போடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் எல்லாருக்கும் தொடக்கம். ஆறு மாதம் ஓடிவிடும். உடம்பும் மனசும் தேறியிருக்கும். பழைய சீட்டு பர்ஸிலேயே கிடக்கும், மெடிக்கல் ஷாப்காரருக்கு முகம் பழகியிருக்கும், கேட்காமலேயே அட்டையை எடுத்து வைப்பார். மூன்றாவது, நான்காவது வருஷம் வீட்டில் யாராவது "இன்னுமா அதைப் போட்டுக்கிட்டிருக்கே?" என்று கேட்கும்போதுதான், இதைப் பற்றி நாம் ஒரு முடிவே எடுக்கவில்லை என்பது உறைக்கும்.

நான் எடுப்பது எஸ்சிட்டலோப்ராம். பத்து வருஷத்தை நெருங்குகிறது. முதல் தடவை மனச்சோர்வு வந்தது பிரசவத்துக்குப் பிறகு. இரண்டாவது அப்பா போன பிறகு. இரண்டுக்கும் நடுவில் பதற்றம் தனியாக ஒரு ஆட்டம் ஆடியது. டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பாதி வழியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். மாத்திரை என்னைத் தூக்கி நிறுத்தியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தூக்கி நிறுத்திய மாத்திரையைக் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும். இப்போதுதான் சோர்வில் இருப்பவர்கள், மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பவர்கள் இதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நான் டாக்டரும் இல்லை.

இந்த விஷயத்தில் ஊரே இரண்டு கட்சியாக நிற்கிறது. ஒரு கட்சிக்கு எல்லாமே "நரம்பு மாத்திரை", போட்டால் மந்தமாகிவிடும், அடிமையாகிவிடும். இன்னொரு கட்சிக்கு இது சர்க்கரை, பிரஷர் மாத்திரை போலத்தான், பேசாமல் போட்டுக்கொண்டு போக வேண்டியது. இரண்டுமே நமக்கு உதவாது. என் பார்வையில் கேட்க வேண்டியவை இரண்டே: உங்களுக்கு இது எத்தனையாவது முறை வந்தது? எதற்காக நிறுத்த நினைக்கிறீர்கள்? நான்கு பேருக்கு நான்கு விதமான பதில் வருவது இந்த இடத்தில்தான்.

தொடர்வது

தொடர்வதற்கு ஆதரவான கணக்கு வலுவானது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குணமான பிறகும் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 சதவீதம். பதற்ற நோய்களுக்கு 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பிலும் ஏறக்குறைய இதே சாயல்: தொடர்ந்தவர்களில் 16, நிறுத்தியவர்களில் 36.

ஆனால் நம்மைப் போல வருஷக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. இங்கிலாந்தில் சாதாரண குடும்ப மருத்துவர்களிடம் போய்க்கொண்டிருந்த 478 பேர். பெரும்பாலோர் 3 வருஷத்துக்கு மேல் மாத்திரை எடுத்தவர்கள், நிறுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்கு நன்றாக இருந்தவர்கள். பாதிப் பேருக்கு மாத்திரை தொடர்ந்தது, பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஒரு வருஷ முடிவில் நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 56 சதவீதத்துக்கு, தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்துக்கு.

இந்த 56, 39 என்ற எண்களை நான் பல நாள் மனசுக்குள் உருட்டியிருக்கிறேன். பயந்தவர் கண்ணுக்கு 56 மட்டும் தெரியும். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், நிறுத்திய 100 பேரில் 44 பேர் ஒரு வருஷம் நோய் திரும்பாமல் ஓட்டியிருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் 39 பேருக்குத் திரும்பியிருக்கிறது. காப்பு உண்டு, கேரண்டி இல்லை. இன்னொன்று: அந்த ஆய்வில் இரண்டு மாதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். வருஷக்கணக்கில் பழகிய உடம்புக்கு அது வேகம் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான்.

தொடர்வதற்கான விலையைப் பற்றி டாக்டரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. முக்கியமாகத் தாம்பத்தியம். நாட்டம் குறைவது, உச்சம் வராமல் போவது, வர வெகுநேரம் ஆவது எல்லாம் இந்த வகை மாத்திரைகளில் சாதாரணமாகப் பார்ப்பவை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் நினைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்டுகிறார்கள். அடுத்தது உணர்ச்சி மங்குவது. அத்தை இறந்த வீட்டில் எல்லாரும் கட்டிக்கொண்டு அழுதபோது, நான் வந்தவர்களுக்கு எத்தனை காபி வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். துக்கம் இருந்தது, கண்ணுக்கு வரவில்லை. பின்னால் டாக்டரிடம் சொன்னபோது, "அது டோஸோட வேலையாகவும் இருக்கலாம், பழைய சோர்வோட மிச்சமாகவும் இருக்கலாம், பார்ப்போம்" என்றார். அந்த "பார்ப்போம்" தான் எனக்குக் குறைத்துப் பார்க்கும் எண்ணத்தைக் கொடுத்தது.

வயதானவர்களுக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். இந்த மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் அபாயம் கூடுகிறது. தள்ளாட்டம், குழப்பம், வாந்தி என்று வந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுபவர்களுக்கும் ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கும் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகம். சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் இரண்டும் இதயத் துடிப்பின் தாளத்தைத் தொடும் என்பதால், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு ஈசிஜி பார்த்துவைப்பது நல்லது.

ஆகவே தொடர்வது என்றால் என்ன? வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இன்னும் தேவையா, டோஸ் சரியா, வேறு என்ன மாத்திரைகள் சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது. பழைய சீட்டைக் காட்டி அட்டை வாங்குவதற்குத் தொடர்வது என்று பெயரில்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

வேறு எதையும் முடிவு செய்யும் முன் ஒரு காரியம். உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் எஸ்சிட்டலோப்ராமும் குளோனசிபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை ஏராளமாக விற்கிறது. பிராண்ட் பெயரின் வாலில் "பிளஸ்" என்று இருக்கும், அல்லது வேறு ஏதாவது. எடுப்பவர்களில் பலருக்கு இது இரண்டு மருந்து என்பதே தெரியாது.

குளோனசிபாம் வேறு சாதி. ஆரம்ப வாரங்களில் படபடப்பை அடக்கக் கொடுப்பது, சீக்கிரம் விலக்க வேண்டியது. "அடிமையாகிவிடும்" என்று ஊர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றால் அது இந்தப் பாதிக்குத்தான். நீண்ட நாள் எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இரண்டும் ஒரே மாத்திரையில் ஒட்டியிருந்தால் எதைக் குறைக்கிறோம் என்பதே நம் கையில் இல்லை. முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித்தரக் கேளுங்கள். என்னைக் கேட்டால், தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்விக்கே இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

தானாக நிறுத்துவது

இதை ஒரு வழியாகவே எண்ணியிருக்க மாட்டேன். ஆனால் நம் ஊரில் அதிகம் பேர் போகும் வழி இதுதான். கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணின் அம்மா மாத்திரையை எடுத்து ஒளித்துவைப்பார். சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒருவர் நிறுத்துவார். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே இன்னொருவர் நிறுத்துவார். என் பெரியம்மா மகளுக்கு நடந்தது முதல் வகை. தாலி கட்டி முடிந்த மாதத்தில் தலைசுற்றல், குமட்டல், பக்கவாட்டில் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. நான்கைந்து மாதத்தில் சோர்வு முழுசாகத் திரும்பி, முன்பைவிட அதிக டோஸில் போய் நின்றது.

அந்தக் கரண்ட் வெட்டு மாத்திரை நின்றதால் உடம்பு படும் பாடு. எல்லாருக்கும் வராது. 2024இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வுப்படி நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் அதையே சொன்னார்கள். கடுமையாக வந்தது ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. இந்த ஆய்வுகளில் பலவற்றில் மாத்திரை எடுத்த காலம் குறைவு என்பதால் பல வருஷம் எடுத்தவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்ற விவாதமும் கூடவே இருக்கிறது. மருந்தைப் பொறுத்தும் மாறும். பராக்செட்டின், வென்லாஃபாக்சின் இரண்டும் உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுபவை, நிறுத்தினால் அதிகம் படுத்துபவை. ஃப்ளுவாக்செட்டின் வாரக்கணக்கில் தங்கித் தானே மெல்ல இறங்கும்.

இந்தத் தொந்தரவையும் நோய் திரும்புவதையும் பிரித்தறியத் தெரியாமல்தான் பலரும் "மாத்திரை இல்லாம என்னால முடியாது" என்ற முடிவுக்கு வருகிறார்கள். நிறுத்திய சில நாளிலேயே வந்து, கூடவே தலைசுற்றலும் கரண்ட் வெட்டும் விசித்திரக் கனவுகளும் இருந்து, மாத்திரையைத் திரும்பப் போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் அது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. வாரங்கள் கழித்து மெல்ல ஏறி, விடியற்காலை விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை, பழைய குற்றவுணர்ச்சி என்று உங்களுக்குப் பழகிய முகத்தோடு வந்தால் அது நோய்.

மெல்லக் குறைப்பது

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் ஹொரோவிட்ஸ் மனநல மருத்துவம் படித்தவர். தானே பல வருஷம் எஸ்சிட்டலோப்ராம் எடுத்து, நிறுத்தப் போய்ச் சிரமப்பட்டவர். அவரும் லண்டனைச் சேர்ந்த டேவிட் டெய்லரும் 2019இல் எழுதிய கட்டுரை இந்தக் குறைக்கும் கணக்கையே மாற்றிப் போட்டது. மூளையில் இந்த மாத்திரை பிடிக்கும் இடங்களை ஸ்கேன் மூலம் அளந்த பழைய ஆய்வுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிட்டலோப்ராம் 20 மில்லிகிராமில் சுமார் 80 சதவீத இடம் பிடிபடுகிறது. 9 மில்லிகிராமிலும் 70 சதவீதம். ஐந்தரையில் 60. மூன்றரையில்கூட 50. ஒரு மில்லிகிராமுக்கும் கீழே போனால்தான் 20க்கு இறங்குகிறது.

அதாவது இது மேல்படிகள் எல்லாம் அரை அடி உயரம், கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் என்று கட்டிய படிக்கட்டு. 20லிருந்து 10, 10லிருந்து 5 என்று சுலபமாக இறங்கியவர் "அவ்வளவுதானே" என்று 5லிருந்து பூஜ்யத்துக்குக் குதிக்கும்போது விழுகிறார். எஸ்சிட்டலோப்ராம் சிட்டலோப்ராமில் பாதி அளவிலேயே ஏறக்குறைய அதே வேலையைச் செய்வது. ஆகவே நான் 10லிருந்து 5க்கு வந்தபோது மூளைக்குள் குறைந்தது கொஞ்சம்தான். மிச்சமிருப்பது பெரிய இறக்கம்.

காகிதத்தில் இது அழகு. நம் ஊரில் செய்து பார்த்தால்தான் தெரியும். எஸ்சிட்டலோப்ராம் சாதாரணமாக 5, 10, 20 என்று வருகிறது. அதற்குக் கீழே எனக்குக் கிடைக்கவில்லை. சொட்டு மருந்தாக அளந்து குறைக்கும் வசதி பிரிட்டனில் இருப்பவர்களுக்கு உண்டு, இங்கே மருந்துக் கடையில் கேட்டால் விழிக்கிறார்கள். எனவே மாத்திரை வெட்டும் சின்ன டப்பாதான் கதி. 10ஐ நான்காக வெட்டினால் இரண்டு துண்டு ஒழுங்காக வரும், மூன்றாவது கோணல், நான்காவது பொடி. பொடியை விரல் நுனியில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்ட காலைகள் உண்டு. அப்படியும் ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று போவதில் பெரிய பாதகமில்லை என்று டாக்டர் சொன்னார். மெல்லக் கரையும் வகை மாத்திரைகளையும் கேப்ஸ்யூல்களையும் மட்டும் இப்படி வெட்டவோ நசுக்கவோ கூடாது. வென்லாஃபாக்சின், டுலோக்செட்டின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க" என்பது பலருக்கும் கிடைக்கும் அறிவுரை. ஃப்ளுவாக்செட்டினுக்கு அது ஓடும். ஒரே நாளில் பாதி வெளியேறிவிடும் மருந்துகளுக்கு அது தினம் ஒரு ஏற்றம், தினம் ஒரு இறக்கம். தினமும் குறைந்த டோஸ் என்பதே சரி.

வேகம்? நான் ஒவ்வொரு படியிலும் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் நின்றேன். 10, ஏழரை, 5. ஐந்தில் இருந்தபோது ஒரு கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும் நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பதறினார்கள், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அதற்குக் கீழே போனபோது இரவு இரண்டு மணி விழிப்பு திரும்பியது. மறுபடி ஐந்துக்கு வந்து அங்கேயே நிற்கிறேன். நோயைக் குணமாக்கிய டோஸிலேயே தொடர வேண்டும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. குறைந்த டோஸில் நிற்பதற்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. அது தெரிந்துதான், டாக்டரும் நானும் பேசி, இதைத் தேர்ந்தெடுத்தோம்.

அலுவலக நண்பர் ஒருவருக்கு இதே வழி முழுசாகப் பலித்தது. வேலை போன சமயத்தில் ஒரே ஒரு தடவை வந்தது, இரண்டு வருஷம் மாத்திரை, முக்கால் வருஷம் எடுத்து மெல்ல இறங்கி நிறுத்தினார், நன்றாக இருக்கிறார். அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் மன உறுதியில் இல்லை. அவருக்கு ஒரு தடவை, காரணம் வெளியே இருந்தது, அந்தக் காரணம் தீர்ந்தும் போனது.

மாத்திரையை மாற்றுவது

பக்கவிளைவு மட்டுமே குறை என்றால் மாற்றலாம். தாம்பத்தியப் பிரச்சினைக்குப் பியூப்ரோபியான் பக்கம் போகிறார்கள். ஆனால் அது பதற்றத்துக்கு அவ்வளவு உதவாது, வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மிர்டாசபின் தூக்கம் தரும், கூடவே எடையும் தரும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கு மாத்திரையைத் தேர்வதே தனிப் பேச்சு. செர்ட்ரலின் அங்கே அதிகம் பயன்படுவது, பராக்செட்டினைப் பொதுவாகத் தவிர்க்கப் பார்ப்பார்கள். அந்தப் பேச்சு கர்ப்பத்துக்கு முன்னால் நடக்க வேண்டும்.

எனக்கு இந்த வழியில் பெரிய ஆர்வம் இல்லை. 2006இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வில் முதல் மாத்திரையிலேயே முழுசாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கைக்கு ஒத்த மாத்திரை ஒன்று கிடைத்திருக்கும்போது, அதன் டோஸைக் குறைத்துப் பார்க்காமல் ஆளையே மாற்றுவானேன்?

பேச்சு சிகிச்சை

மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் கையோடு நிற்பதற்கும், வேறொன்றைப் பழகிக்கொண்டு நிறுத்துவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இங்கிலாந்தில் 424 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு இதற்குச் சாட்சி. எல்லாருமே மூன்று தடவைக்குக் குறையாமல் மனச்சோர்வு வந்தவர்கள். ஒரு பாதி மாத்திரையைத் தொடர்ந்தது. இன்னொரு பாதி, எண்ணங்களைக் கவனித்துப் பழகும் 8 வாரக் குழுப் பயிற்சி எடுத்துக்கொண்டு மாத்திரையைக் குறைத்தது. இரண்டு வருஷத்தில் நோய் திரும்பியது பயிற்சி எடுத்தவர்களில் 44 சதவீதத்துக்கு, மாத்திரைக்காரர்களில் 47. கிட்டத்தட்ட சமம்.

நம் சிக்கல் அது கிடைப்பதில் இருக்கிறது. மாத்திரைக்கு ஒரு மாதம் ஆகும் செலவைப்போலப் பல மடங்கு ஒரு அமர்வுக்கே ஆகிறது. தமிழில் பேசும், பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரிய நகரங்களைத் தாண்டினால் அரிது. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேட்டே போங்கள். "கவுன்சலர்" என்று போர்டு மாட்ட யாருக்கும் தடையில்லாத ஊர் இது. 2017ஆம் வருஷ மனநலச் சட்டம் காப்பீட்டில் மன நோயையும் உடல் நோய்க்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் படுத்தால் மட்டும் பணம் தரும் பாலிசியை வைத்துக்கொண்டு வாராவாரம் பேசப் போகும் செலவை வாங்கிவிட முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். கையில் எதுவும் இல்லை, இன்றைக்கே பேச வேண்டும் என்றால் 2022இல் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

"தினம் வாக்கிங் போனா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லும் சித்தப்பாக்களுக்கு: போகிறோம் சித்தப்பா. நல்லதுதான். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, கூடவே.

யாருக்கு எது

மூன்று தடவை அல்லது அதற்கு மேல் வந்தவர்கள், ஒரு தடவை வந்தாலும் உயிருக்கு ஆபத்தான அளவில் வந்தவர்கள், பக்கவிளைவு பெரிதாகத் தொந்தரவு செய்யாதவர்கள் தொடரட்டும். ஊர் வாய்க்காக நிறுத்த வேண்டிய மாத்திரை இது அல்ல. ஒரே தடவை வந்து, முழுசாகத் தேறி, ஒரு வருஷத்துக்கு மேல் நிலையாக இருப்பவர்கள் டாக்டரிடம் குறைக்கும் பேச்சை ஆரம்பிக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆரம்பிக்காமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு தடவை வந்த என்னைப் போன்றவர்கள் நடுவில் நிற்கிறோம். பக்கவிளைவு எவ்வளவு கசக்கிறது, பேச்சு சிகிச்சைக்குப் பணமும் ஆளும் இருக்கிறதா என்பதில் தராசு சாயும்.

எதற்காக நிறுத்துகிறோம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. "உணர்ச்சி மங்கியிருக்கு" என்பது குறைத்துப் பார்க்கத் தகுந்த காரணம். "மாமியாருக்குத் தெரிஞ்சிடும்" என்பதற்கு மாத்திரை டப்பாவை மாற்றினால் போதும்.

குறைக்கப் போகிறவர்கள் நாள் பார்ப்பதும் முக்கியம். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு, வீடு மாற்றம், வீட்டில் ஆபரேஷன் இருக்கும் வருஷத்தில் வேண்டாம். கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் நமக்குக் கொடுக்கும் நேரம் மூன்று நிமிஷம் என்றால், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை தடவை வந்தது, இப்போது எடுப்பது என்னென்ன, என்ன பக்கவிளைவு, எந்த மாதம் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். என் டாக்டர் அந்தத் தாளை வாங்கிக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்.

இன்னொரு தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நோய் திரும்பும்போது அது நமக்குத் தெரிவதற்கு முன்னால் கூட இருப்பவருக்குத் தெரிந்துவிடும். என் கணவரிடம் இருக்கும் தாளில் மூன்று வரிதான். இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பது, அக்காவின் போனை எடுக்காமல் விடுவது, பஸ் வேண்டாம் ஆட்டோவில் போகலாம் என்பது. மூன்றில் இரண்டை ஒரே வாரத்தில் பார்த்தால், என்னைக் கேட்காமலேயே டாக்டருக்குப் போன் போடலாம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.